நீ, நீங்க, நாற்காலி, சம்பளத் தேதி: வேலை செய்கிறவர்களை நடத்தும் முறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் பிளம்பிங் சாமான் கடை வைத்திருக்கிறேன். குடோன், டெலிவரி எல்லாம் சேர்த்து 16 பேர் வேலை செய்கிறார்கள். அதற்கு முன் 7 வருஷம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றிருக்கிறேன். 'நின்றிருக்கிறேன்' என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஏன் என்பது கீழே வரும்.

வியாபாரிகள் கூடும் இடங்களில் வேலை செய்கிறவர்களை நடத்தும் முறை பற்றிப் பேசும்போதெல்லாம் கேள்விகள் வருகின்றன. பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். சட்டம் இருக்கிற இடத்தில் சட்டத்தையும், மற்ற இடங்களில் எங்கள் கடையில் செய்து பார்த்ததையும் எழுதியிருக்கிறேன்.

என்னைவிட 20 வயது சின்னவர்கள். 'வா, போ' என்று சொன்னால் அதுகூட மரியாதைக் குறைவா?

வயது மட்டும்தான் காரணம் என்றால் நான் எதுவும் சொல்ல மாட்டேன். பாசத்திலும் 'வா, போ' உண்டு. ஆனால் உங்கள் கடையில் ஒரே ஒரு நாள் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். கணக்குப் பார்க்கிற 24 வயதுக்காரர் 'வந்துட்டாரு'. சரக்கு இறக்குகிற 52 வயதுக்காரர் 'வந்துட்டான்'. அப்படியானால் நாம் பார்ப்பது வயதை இல்லை என்றுதானே ஆகிறது?

தமிழில் ஒருவரைப் பற்றிப் பேசினால் அவருக்கு எவ்வளவு மரியாதை என்று சொல்லாமல் வாக்கியத்தை முடிக்கவே முடியாது. 'ஆன்' போடுவதா, 'ஆரு' போடுவதா, 'ஆங்க' போடுவதா என்று ஒவ்வொரு முறையும் நாக்கு முடிவு செய்தாக வேண்டும். அதனால் நேரில் எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதோடு, அவர் இல்லாதபோது எந்த விகுதி போடுகிறோம் என்பதையும் பார்க்கச் சொல்கிறேன்.

இது எனக்குப் புரிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மத்தியானம் ஒரு இன்ஜினீயர் போனில் அவசரப்படுத்தினார். 'லோடுமேன் இன்னும் வரல சார், வந்ததும் அவனை அனுப்பிவிடுறேன்' என்றேன். அடுக்கி வைத்திருந்த பிவிசி பைப்புகளுக்குப் பின்னாலிருந்து அவர் எழுந்து வந்தார். கையில் பாதி மூடிய டிபன் பாக்ஸ். 'இங்கதான் இருக்கேன் முதலாளி' என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. கையைக் கழுவிக்கொண்டு வண்டியில் சரக்கு ஏற்றப் போய்விட்டார். டிபன் பாக்ஸில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

மறுநாளிலிருந்து கடையில் ஒரு பழக்கம் கொண்டுவந்தோம். யாராக இருந்தாலும், எதிரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 'அவரு', 'அவங்க', 'வாங்க', 'சொல்லுங்க'. முதல் இரண்டு வாரம் எனக்கே நாக்கு இடறியது. சின்னப் பையன்களை 'நீங்க' என்று சொல்ல வெட்கமாகக்கூட இருந்தது. இப்போது எங்கள் கடையில் 19 வயது டெலிவரி ஆளும் வாடிக்கையாளரிடம் தானாகவே 'வாங்க, உட்காருங்க' என்கிறார். அதற்கென்று யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

அண்ணே, அக்கா, தம்பி என்று கூப்பிடலாமா?

தாராளமாக. அது நம் வழக்கம், அதில் ஒரு சொந்தம் இருக்கிறது. ஆனால் பெயர் தெரிந்த பிறகு பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'வாட்ச்மேன்!', 'ஆயா!', 'ஆபீஸ் பையன் எங்க?' என்று வருஷக்கணக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருந்து, அவர் வேலையை விட்டுப் போன பிறகும் பெயர் தெரியாத முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். வேலையின் பெயரையே மாற்றியும் நல்லது செய்யலாம். தமிழக அரசு 2020-இல் 'துப்புரவுப் பணியாளர்' என்பதை 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. பெயர் மாறினால் சம்பளம் மாறிவிடாதுதான். ஆனாலும் தினமும் காதில் விழுகிற சொல் அது.

உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவதில் ஒரு ஆபத்தும் உண்டு. 'நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி' என்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லும்போதுதான் முதலாளி வாயில் வருகிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அதில் இருக்கிறது. 4 மணி நேரம் வேலை பார்த்தால் 1 மணி நேர ஓய்வு, வாரம் ஒரு நாள் விடுமுறை என்றும் இருக்கிறது. தம்பி என்று கூப்பிட்டால் தம்பிக்கும் அந்த ஒரு நாள் விடுமுறை உண்டு.

இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்க மாட்டார்களா?

இந்தப் பழமொழியைச் சொல்லாத முதலாளியை நான் பார்த்ததில்லை. என் அனுபவத்தில், கண்டிப்பு குறைந்தால் வேலை கெடும். மரியாதை கூடினால் கெடாது. இரண்டும் வேறு வேறு.

கல்லாவில் 4,300 ரூபாய் குறைகிறது என்று வையுங்கள். 'உன்னையெல்லாம் உட்கார வச்சேன் பாரு' என்று எல்லோர் முன்னாலும் கத்தினால், அடுத்த முறை குறையும்போது அவர் சொல்லவே மாட்டார். தன் கைக்காசைப் போட்டு மறைப்பார், அல்லது பில்லைத் திருத்துவார். உள்ளே கூப்பிட்டு, பில் கட்டை எடுத்து, 'எந்த நேரத்துக்குப் பிறகு விட்டுப்போச்சு, பார்ப்போமா' என்று கேட்டால் பெரும்பாலும் பத்து நிமிஷத்தில் கிடைத்துவிடும். தவறு யாருடையது என்பதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். கேட்கும்போது அவருடைய அப்பா, ஊர், படிப்பு எதையும் இழுக்காதீர்கள்.

வாடிக்கையாளர் வரும் இடத்தில் விற்பனையாளர்கள் உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

ஜவுளிக்கடையில் காலை 9:30-க்கு நின்றால் ராத்திரி 9 மணி வரை நிற்க வேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். வாடிக்கையாளர் யாருமே இல்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலும் நிற்க வேண்டும். ரேக்கில் சாய்ந்தால் சூப்பர்வைசர் கேமராவில் பார்த்துவிட்டு வருவார். சாய்ந்ததற்கு 50 ரூபாய் பிடித்தம். நாங்கள் ஒரு காலை மடக்கி, பின்னால் இருக்கும் கீழ்த்தட்டில் வைத்துக்கொண்டு, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கால் மாற்றிக்கொள்வோம். என்னோடு நின்ற அக்கா ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டு நீல நிறத்தில் புடைத்திருக்கும். புடவைக் கரையைக் கணுக்கால் வரை இழுத்து இழுத்து விடுவார். கடையில் அவ்வளவு பெரிய மெத்தை விரிப்பு இருந்தது, வாடிக்கையாளர் உட்கார. அதில் நாங்கள் உட்கார்ந்தது கடை கூட்டும்போது மட்டும்தான்.

தொழிற்சாலைகளில் நின்றபடி வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே வந்துவிட்டது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு அது எட்ட 70 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கழிப்பறைக்காகப் போராடினார்கள், பிறகு உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். தையல் வேலை செய்துவந்த விஜி என்பவர் அவர்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே உட்காரச் சந்தர்ப்பம் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள, எல்லாப் பணியாளர்களுக்கும் ஏற்ற இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

ஆகவே இது இப்போது உங்கள் தாராள மனதைப் பொறுத்த விஷயமாக இல்லை. சட்டம்.

செய்வது எளிது. மேஜை உயரத்துக்கு முதுகு சாயும் ஸ்டூல் வாங்குங்கள். சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தால் கவுன்ட்டருக்குப் பின்னால் ஆளே தெரியாது, எழுந்து எழுந்து உட்கார வேண்டியிருக்கும், பிறகு யாரும் உட்கார மாட்டார்கள். ஸ்டூலை மூலையில் ஒன்றாக அடுக்காமல் ஒவ்வொருவர் நிற்கும் இடத்திலும் போடுங்கள். முக்கியமாக, முதல் வாரம் 'உட்காருங்க' என்று நீங்களே சொல்ல வேண்டும். எங்கள் கடையில் ஸ்டூல் வந்த பிறகும் என்னைக் கண்டால் எல்லோரும் எழுந்துகொண்டிருந்தார்கள். எழ வேண்டாம் என்று சொல்லிச் சொல்லித்தான் நின்றது.

வாடிக்கையாளர் தவறாக நினைப்பார் என்ற பயம் எனக்கும் இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

தண்ணீர், கழிப்பறை?

கடையில் வேலை செய்யும் பெண்கள் மத்தியானம் தண்ணீர் குடிக்கிறார்களா என்று பாருங்கள். பாட்டில் காலையில் வந்தது போலவே இருந்தால் கழிப்பறை சரியில்லை என்று அர்த்தம். தூரமாக இருக்கலாம், தாழ்ப்பாள் இல்லாமல் இருக்கலாம், சாவி சூப்பர்வைசர் பையில் இருக்கலாம். ஒரு ஆணிடம் போய்ச் சாவி கேட்க வேண்டும் என்பதற்காகவே நாள் முழுக்க அடக்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சாவியை ஆணியில் மாட்டுங்கள். குப்பைக்கூடையும் ஒரு பக்கெட்டும் வையுங்கள்.

டீ குடிக்கத் தனி டம்ளர் வைத்திருக்கிறோம். சுத்தத்துக்காகத்தான். அதில் என்ன தவறு?

யாருக்குத் தனி டம்ளர்? எல்லோருக்கும் ஆளுக்கொரு டம்ளர் என்றால் சுத்தம். கூட்டிப் பெருக்குகிறவருக்கும் சரக்கு இறக்குகிறவருக்கும் மட்டும் ஜன்னல் மேல் ஒரு டம்ளர் என்றால் அதற்கு நம் ஊரில் வேறு பெயர். இரட்டைக் குவளை டீக்கடைகளை எதிர்த்து இந்த மண்ணில் எத்தனையோ பேர் போராடியிருக்கிறார்கள். அதே குவளையைக் குளிர்சாதன அறைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுத்தம் என்று சொல்லக் கூடாது.

எங்கள் கடையில் ஒரே மாதிரி 20 எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குடித்தவர் கழுவி வைப்பார்.

சாதியைச் சொல்லித் திட்டுவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சேர்ந்த ஒருவரை நாலு பேர் பார்க்கும்படி சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 6 மாதத்திலிருந்து 5 வருஷம் வரை சிறை. 'கோபத்துல வாய் தவறி வந்துருச்சு' என்பார்கள். மனதில் இல்லாதது வாயில் எப்படி வரும்?

வாடிக்கையாளர் நம் ஆளைத் திட்டினால் நான் யார் பக்கம் நிற்பது?

முதலில் நடுவில் போய் நில்லுங்கள். அதுவே பாதி வேலை.

பெரிய கான்ட்ராக்டர் ஒருவர், மாதம் லட்சக்கணக்கில் சாமான் எடுப்பவர், அளவு மாறிப்போன ஒரு எல்போவை (பைப்பை வளைத்து இணைக்கும் சாமான்) எங்கள் விற்பனையாளர் மேல் விட்டெறிந்தார். நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது. கடை முழுக்க அமைதி. எல்லோரும் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். நான் போய்க் குனிந்து அதை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தேன். 'அளவு தப்பா குடுத்தது எங்க தப்புதான் சார், மாத்தித் தர்றேன். ஆனா எங்க ஆள் மேல எறியக் கூடாது' என்றேன். கை நடுங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் சாமானை மாற்றிக்கொண்டு போனார். இரண்டு மாதம் வரவில்லை. பிறகு வந்தார், இப்போதும் வருகிறார். வராமலே போயிருந்தாலும் நான் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

தவறு நம் ஆளுடையது என்றால் மன்னிப்புக் கேட்பது கடையின் வேலை. அந்த ஆளை வாடிக்கையாளர் முன்னால் நிறுத்தி, அவர் மனம் குளிரத் திட்டிக் காட்டுவது நிறைய இடங்களில் நடக்கிறது. அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

டெலிவரிக்கு வருகிறவர்கள் நம் ஊழியர்களே இல்லையே?

சம்பளம் நீங்கள் தரவில்லை, சரி. ஆனால் சித்திரை வெயிலில் மூன்று மாடி ஏறி வந்தது உங்கள் பார்சலோடுதான். 'டெலிவரி ஆட்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது' என்று போர்டு மாட்டியிருக்கும் கட்டடத்தில் உங்கள் அலுவலகம் இருந்தால், அந்தப் போர்டை எடுக்கச் சொல்ல வாடகை கட்டும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. இவர்களுக்காகத் தமிழக அரசு 2023-இல் தனி நல வாரியம் அமைத்தது. சென்னை மாநகராட்சி 2025-இல் அண்ணா நகரில் இவர்களுக்கென்றே ஏசி ஓய்வறை திறந்தது. ஒரு கடைக்காரரால் அவ்வளவு முடியாது. வாசலில் மண்பானையும், கழிப்பறை எங்கே என்று காட்டும் ஒரு அம்புக்குறியும் முடியும். நாங்கள் அந்த இரண்டையும் வைத்திருக்கிறோம்.

நாங்கள் யாரையும் திட்டுவதில்லை, 'சார்' போட்டுத்தான் பேசுகிறோம். போதாதா?

சம்பளம் எந்தத் தேதியில் தருகிறீர்கள்?

இதைக் கேட்டால் பலர் பேச்சை மாற்றுகிறார்கள். 5-ஆம் தேதி தர வேண்டியதை 9, 11 என்று இழுப்பது, 'பேங்க்ல பிரச்சனை' என்பது, கேட்க வருபவரை வாசலில் நிறுத்திவிட்டுப் போனில் பேசிக்கொண்டே இருப்பது. சொந்த உழைப்புக்கான காசைக் கடன் கேட்பது போலக் கேட்க வைப்பதைவிடப் பெரிய அவமானம் கடைக்குள் எதுவும் இல்லை. 'சார்' போட்டு அதைச் செய்தால் அவமானம் குறைந்துவிடாது. ஜவுளிக்கடையில் நான் சம்பளம் கேட்கப் போன ஒவ்வொரு முறையும் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு போவேன். இன்றைக்கும் யாராவது என் அறை வாசலில் நின்று பொத்தானைத் தொட்டால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

வெளியாட்களுக்கும் இதேதான். ஏசி பழுது பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், டீக்கடை மாதக் கணக்கு, தண்ணீர் கேன் போடுகிறவர். 450 ரூபாய்க்காக ஒருவரை நாலு தடவை 'நாளைக்கு வாங்க' என்று அலைய விட்டால், அவருடைய அரை நாள் கூலி அலைச்சலிலேயே போய்விடும். வேலை முடிந்த கையோடு கொடுங்கள். பேரம் பேசுவதானால் வேலை தொடங்கும் முன் பேசுங்கள், முடிந்த பிறகு வேண்டாம்.

சக ஊழியர்களுக்குள்?

ராத்திரி 10 மணிக்கு வாட்ஸாப் குழுவில் 'இன்னிக்கு யார் லேட்டு' என்று பெயர்ப் பட்டியல் போடுவதை நிறுத்துங்கள். ஒருவர் சொன்ன யோசனையை மேலிடத்தில் சொல்லும்போது அவர் பெயரோடு சொல்லுங்கள். சாப்பிடும்போது கூப்பிடாதீர்கள்.

பெண்களிடம் தவறாக நடந்துகொண்டார் என்று புகார் வந்தால் சமாதானம் பேசி முடிக்கலாமா?

'இனிமே செய்ய மாட்டான், விடும்மா' என்று முதலாளி பஞ்சாயத்துப் பேசும் காலம் முடிந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் 1997-இல் விசாகா வழக்கில் வழிகாட்டுதல் தந்தது, 2013-இல் சட்டமே வந்தது. 10 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். தலைமை ஒரு பெண். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். வெளியிலிருந்து ஒருவர். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். 10 பேருக்குக் குறைவாக இருந்தால் மாவட்ட அளவிலான குழுவில் புகார் தரலாம். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும், காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். ஒப்பந்த ஊழியர், பயிற்சிக்கு வந்தவர், வீட்டு வேலை செய்பவர் எல்லோரும் இதில் அடக்கம்.

16 பேர் உள்ள எங்கள் கடையிலும் குழு இருக்கிறது. உறுப்பினர் பெயர்களும் போன் எண்ணும் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடிகிற இடம் அதுதான் என்று பில்லிங்கில் இருக்கும் அக்கா சொன்னார்.

செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டது. 2,000 ரூபாய்க்கு ஒருவர் இறங்குகிறேன் என்கிறார்.

இறக்காதீர்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை உள்ளே இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவராக ஒப்புக்கொண்டார் என்பது உங்களைக் காப்பாற்றாது. விஷவாயு சில நொடிகளில் ஆளைச் சாய்த்துவிடும். இப்படி இறப்பவர் குடும்பத்துக்கு இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள், வரும்வரை காத்திருங்கள்.

கோபத்தில் திட்டிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

எத்தனை பேர் முன்னால் திட்டினீர்களோ அத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேளுங்கள். தனியாகக் கூப்பிட்டு 500 ரூபாய் கையில் வைத்து அழுத்துவது நம் ஊர் வழக்கம். அது உங்கள் மனச்சுமையைத்தான் இறக்கும். 'ஆனா நீங்களும்...' என்று இரண்டாவது வாக்கியம் தொடங்கக் கூடாது.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், கூட்டம் நெரியும் நேரத்தில், விலை தப்பாகப் பில் போட்டதற்காகப் பில்லிங் அக்காவைக் கத்திவிட்டேன். ராத்திரி பார்த்தால், நான் கொடுத்திருந்த விலைப்பட்டியலே பழசு. மறுநாள் காலை 9:15-க்கு எல்லோரும் கையெழுத்துப் போட வரும்போது நின்று சொன்னேன்: 'நேத்து தப்பு என்னோடது. அவங்களை நான் கத்தினது தப்பு. மன்னிச்சுக்கங்க அக்கா.' அவர் 'பரவால்லண்ணே' என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்தார். அதற்குமேல் பேச்சில்லை. பத்து நாள் கழித்து, புது விலைப்பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்து, ஒன்றரை இன்ச் வால்வுக்கு நான் தப்பாக எழுதியிருந்த விலையை விரலால் தொட்டுக் காட்டினார்.